கணக்கியல் கற்கும் மாணவர்க்கு



தமிழில் 'கணக்கு' என்னும் சொல் பல பொருள் தாங்கி வருவது. எண்ணிப் பார்ப்பது கணக்கு; எழுதி வைப்பதும் கணக்கு. நம் பழைய நூல் தொகுதி ஒன்றிற்குப் பதினெண்கீழ்க்கணக்கு என்றே பெயர். எழுத்தறிவித்த ஆசிரியரைக் கணக்காயர் என்று முன்னோர் அழைத்தனர். தம் பொறுப்பில் விடப்பட்ட பொருளுக்கு ஒருவர் விடை சொல்வதையும் 'கணக்குக் கொடுத்தல்' என்றே இன்றும் கூறுகிறோம். எண்ணுதல், எழுதுதல், விடை சொல்லுதல் ஆகிய மூன்றும் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கியுள்ளன. கல்லூரிகளில் பி.காம். என்று வழங்கும் வணிகவியல் பட்டப் படிப்பு, அதன் முதுகெலும்பாகிய கணக்கியல் வாயிலாக, இம்மூன்றையுமே கற்பிக்க முற்படுகிறது. நம் மாணவருள் பலர் முதலாவதை மட்டும் கண்டு அஞ்சுகின்றனர். மூன்றாவதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. அந்த மூன்றாவதைப் பற்றியே இன்று சிறப்பாக உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நான் மருங்காபுரி வட்டாரத்தில் பல்லாண்டுகள் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்மேற்கில் உள்ள அப்பகுதி, காவிரி பாயும் சீரங்கத்தைப் போன்றதன்று. மானம் பார்த்த பூமி. ஏரி நிறைந்தால் நெல், இல்லையேல் சோளமும் கடலையும். பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக மணப்பாறைச் சந்தைக்கு மாட்டை ஓட்டிச் சென்ற தந்தையரை நான் அறிவேன். மேல்நிலைத் தேர்வு முடிவு வந்ததும் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. "ஐயா, கணக்கு வராத பிள்ளைக்குத்தானே இந்தப் படிப்பு?" என்பது ஒன்று. "கடை கண்ணி இல்லாத நமக்கு இதனால் என்ன பயன்?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். உழைத்துச் சேர்த்த பொருளை மூன்றாண்டுப் படிப்பில் இடும் ஒருவர் இவ்வாறு கேட்காமல் இருக்க முடியாது. அவற்றிற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில், கணக்கு யாரிடம் இருந்தது என்று பார்ப்போம். மருங்காபுரி ஒரு காலத்தில் ஜமீனாக இருந்த ஊர். 1948-ஆம் ஆண்டின் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. அதற்கு முன்னர் வரிக் கணக்கு ஜமீன் கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. அதன் பின்னரும் கிராமத்து நிலக்கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. அப்பதவி தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் பரம்பரைப் பதவி. 1980-ஆம் ஆண்டில்தான் தமிழக அரசு பரம்பரைக் கர்ணம் முறையை நீக்கியது. பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்த்தப்பெற்றனர். அதுவரை, ஏட்டில் எழுதியிருப்பது என்ன என்று உழவர் அறிய விரும்பினால், எழுதியவரையே கேட்டறிய வேண்டும். எழுதியவர் நல்லவராயின் நன்று. அல்லராயின் உழவருக்குப் புகலிடம் இல்லை.

வணிகக் கணக்கும் இவ்வாறே சில குடும்பங்களுக்குள் கற்பிக்கப்பட்டு வந்தது. நமக்கு அண்மையில் உள்ள செட்டிநாட்டு நகரத்தார், இலங்கை, பர்மா, மலேயா நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இளமையிலேயே பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாள் என்னும் நிலைக்கு உயர்வர். கடல் கடந்த கிளையிலிருந்து 'ஐந்தொகை' என்னும் கணக்குத் தொகுப்பு ஊரிலுள்ள முதலாளிக்கு வந்து சேரும். அதைப் பார்த்த அளவிலேயே அங்குள்ள நிலைமையை அவர் அறிந்துகொள்வார். மிக உயர்ந்த பயிற்சிதான். ஆயினும் அப்பெட்டியடியில் அமரும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்ததன்று.

வகுப்பறையில் எவரும் இக்கலையைப் பயிலலாம் என்ற நிலை நம் நாட்டில் தோன்றி ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளே ஆகின்றன. 1886-ஆம் ஆண்டில் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். 1913-இல் பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி ஏற்பட்டது. 1949-ஆம் ஆண்டில் பட்டயக் கணக்கர் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் தோன்றியது. திருச்சிராப்பள்ளியோ கல்லூரிகள் நிறைந்த நகரம். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் இங்கு வந்த தூய வளனார் கல்லூரி, 1919-இல் தோன்றிய தேசியக் கல்லூரி, 1951-இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியும் சீதாலட்சுமி இராமசாமி கல்லூரியும், 1965-இல் தோன்றிய பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி எனப் பலவற்றில் இன்று வணிகவியல் கற்கலாம். துவரங்குறிச்சியில் பேருந்து ஏறி விராலிமலை வழியாக வரும் ஒரு கூலித் தொழிலாளியின் மகள், முன்னர்ச் சில குடும்பங்களுக்குள் அடங்கியிருந்த கல்வியை இங்கே கேட்டுப் பெறுகிறாள். இம்மாற்றம் சிறிதன்று.

இக்கதவு தானாகத் திறந்துவிடவும் இல்லை. இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளர் எனப் போற்றப்படுபவர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். 1907-இல் பிறந்த அவர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தார். 1933-இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். ஆனால் சிறை சென்றவர்கள் கணக்கராகப் பதிவு செய்துகொள்ள இயலாதவாறு அன்று விதி ஒன்று தடுத்தது. அம்மையார் நீதிமன்றத்தை நாடி வெற்றி கண்டு, 1937-இல் தம் தொழிலைத் தொடங்கினார். பின்னர்ப் பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவிற்குத் தலைமை தாங்கும் நிலைக்கும் உயர்ந்தார். மாணவியர் இவ்வரலாற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, 'கணக்கு வராதவர்க்கான படிப்பு' என்னும் எண்ணத்தைச் சோதிப்போம். கணக்கியலுக்கு வேண்டும் கணிதம் பெரும்பாலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், விழுக்காடு ஆகியவையே. கடினம் அங்கே இல்லை. 'நிகழ்ந்தது என்ன?' என்று தெளிவாக எண்ணிப் பார்ப்பதில்தான் கடினம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஓர் அம்மையார் 10,000 ரூபாய் முதல் போட்டு முறுக்குத் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு, வாணலி, உழக்கு ஆகியவற்றை 4,000 ரூபாய்க்கு வாங்குகிறார். மாவு, எண்ணெய் முதலிய பொருள்களை 3,000 ரூபாய்க்கு ரொக்கமாகவும், 2,000 ரூபாய்க்கு மளிகைக் கடையில் கடனாகவும் வாங்குகிறார். விறகுக்கும் உதவியாளின் கூலிக்கும் 1,000 ரூபாய் செலவு. அம்மாதத்தில் 6,000 ரூபாய்க்கு முறுக்கு ரொக்கமாக விற்கிறது. பேருந்து நிலையக் கடைக்காரர் ஒருவர் 2,500 ரூபாய்க்குக் கடனாகப் பெற்றுக்கொள்கிறார். மாத முடிவில் 500 ரூபாய் மதிப்புள்ள மாவும் எண்ணெயும் மீதம் இருக்கின்றன.

மாதக் கடைசியில் அம்மையார் பெட்டியைத் திறந்து எண்ணுகிறார். 8,000 ரூபாய் இருக்கிறது. "பத்தாயிரம் போட்டேன், எட்டாயிரம்தான் இருக்கிறது, இரண்டாயிரம் நட்டம்" என்று வருந்துகிறார். மளிகைக் கடைக்காரரின் 2,000 ரூபாய்க் கடனை நினைத்தால் அவர் வருத்தம் இன்னும் மிகுகிறது. அவர் நினைப்பது சரியா?

கணக்கியல் மாணவர் வேறு வகையில் பார்ப்பார். மொத்த விற்பனை 8,500 ரூபாய். வாங்கிய பொருள் 5,000 ரூபாய். அதில் 500 மீதமிருப்பதால் செலவானது 4,500. விறகும் கூலியும் 1,000. அடுப்பும் வாணலியும் ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும் செலவு அல்ல. அவை நாற்பது மாதம் உழைக்கும் என்று கொண்டால், இம்மாதத்திற்குரிய தேய்மானம் 100 ரூபாய். ஆகவே இலாபம் 8,500-இலிருந்து 5,600 போக, 2,900 ரூபாய்.

இது வெறும் ஆறுதல் மொழியா என்றால், அன்று, மெய்ப்பித்துக் காட்டலாம். அவரிடம் இருப்பவை: ரொக்கம் 8,000, கடைக்காரரிடமிருந்து வர வேண்டியது 2,500, சரக்கிருப்பு 500, தேய்மானம் போகக் கருவிகள் 3,900, ஆக 14,900 ரூபாய். இவற்றின் மீது உரிமை கொண்டோர் யாவர்? மளிகைக் கடைக்காரருக்கு 2,000. மீதி 12,900 அம்மையாருக்கு. அவர் இட்ட முதல் 10,000. அத்துடன் இலாபம் 2,900. இரு பக்கமும் ஒத்து நிற்கின்றன. இதைத்தான் இருப்புநிலைக் குறிப்பு என்கிறோம். பெட்டியில் உள்ள பணம் வேறு, இலாபம் வேறு என்னும் இவ்வுண்மையை அறியாமல், நன்றாக நடக்கும் தொழிலை மூடிவிட்டவர்களும் உண்டு. பெட்டி நிறைந்திருப்பதைக் கண்டு மயங்கிக் கடனில் மூழ்கியவர்களும் உண்டு.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு முகங்கள் உண்டு என்பதே இம்முறையின் அடிப்படை. கடனுக்கு மாவு வந்தால், சரக்கு வந்தது ஒரு முகம். கடன் ஏற்பட்டது மறு முகம். இரண்டையும் எழுதுவதால் இதற்கு இரட்டைப் பதிவு முறை என்று பெயர். இத்தாலிய நாட்டு வணிகர்கள் இதைக் கையாண்டனர். 1494-இல் லூக்கா பசியோலி என்னும் துறவி, வெனிசு நகரில் வெளியிட்ட கணித நூலில் இதனை விளக்கி அச்சேற்றினார். ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும், கணிப்பொறி வந்த பின்னரும், அடிப்படை மாறவில்லை.

இங்கே தமிழ் மாணவருக்கென்றே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். வீட்டுக் கணக்கில் பணம் வந்தால் 'வரவு' என்று எழுதுகிறோம். கல்லூரியிலோ, ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கைப் 'பற்று' செய்யச் சொல்கிறார்கள். அதே வேளையில் வங்கியில் நாம் பணம் கட்டினால், அவர்கள் தரும் ஏட்டில் 'வரவு' என்று வருகிறது. மாணவர் திகைத்துப்போகிறார். விடை எளிது. இங்கே பற்று, வரவு என்பவை வருமானம், செலவு என்று பொருள்படுவன அல்ல. கணக்கேட்டின் இடப்பக்கம், வலப்பக்கம் என்பனவற்றின் பெயர்களே அவை. வந்த பொருள் பற்று. கொடுத்தவர் கணக்கு வரவு. வங்கி எழுதும் ஏடு வங்கியின் ஏடு, உங்களுடையதன்று. பணத்தைக் கொடுத்தவர் நீங்கள். ஆகவே வங்கியின் ஏட்டில் உங்களுக்கு வரவு. உங்கள் ஏட்டிலோ வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆகவே வங்கிக்குப் பற்று. 'இது யாருடைய ஏடு?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டால் குழப்பம் தீரும். முதற் பருவத்தில் இப்படிக் கேட்கத் தவறி, விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், மூன்றாம் ஆண்டு வரை இடறிக்கொண்டே செல்வதை நான் கண்டிருக்கிறேன்.

இனி, இக்கல்வியால் என்ன பயன் என்ற இரண்டாம் கேள்விக்கு வருவோம். எங்கள் பகுதியில் ஒரு சிற்றூரில் மகளிர் குழு ஒன்று இருந்தது. உறுப்பினர் சேமிப்பையும் கடன் தவணையையும் வசூல் செய்து, அன்றைக்கே வங்கியில் கட்டிவிடுவது அக்குழுவின் வழக்கம். ஓராண்டு முடிவில் பார்த்தபோது, குழுவின் ஏட்டைக் காட்டிலும் வங்கி ஏட்டில் 900 ரூபாய் குறைவாக இருந்தது. பணத்தை வங்கிக்குக் கொண்டு சென்றவர் ஒரு கைம்பெண். ஐயம் அவர் மீது விழுந்தது. எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; ஆனால் தண்ணீர்க் குழாயடியில் அவரோடு பேச்சு நின்றுவிட்டது. 900 ரூபாய் சிறு தொகைதான். சிற்றூரில் ஒருவரின் நற்பெயர் சிறு தொகையன்று.

அக்குழு உறுப்பினர் ஒருவரின் மகள் என்னிடம் பயின்றவள். அப்போது திருச்சியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அவள் ஏடுகளைக் கேட்டு வாங்கினாள். வேறுபாடு ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்பது கணக்கியல் மாணவர் அறிந்த குறிப்பு. ஆகவே, அவள் முதலில் இடம் மாறிய இலக்கங்களைத் தேடினாள். ஒரு நாள் பதிவில் வங்கியில் கட்டிய தொகை 5,400 என்று ஏட்டில் இருந்தது. வங்கிச் செலுத்துச் சீட்டின் அடிக்கட்டையிலோ 4,500 என்று இருந்தது. அவள் அதோடு நிற்கவில்லை. அன்றைய வசூல் பதிவில் ஒவ்வொருவரும் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தாள், 4,500 ரூபாய்தான். காணாமற்போன 900 ரூபாய் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஏட்டில் நான்கும் ஐந்தும் இடம் மாறியிருந்தன. அடுத்த கூட்டத்தில் மூன்று தாள்களையும் அருகருகே விரித்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்குமாறு அவள் எடுத்துச் சொன்னாள். அதன் பின்னர் அக்கைம்பெண்ணிடமே குழுவின் பெட்டிச் சாவியை ஒப்படைத்தனர்.

அம்மாணவி செய்ததற்குப் பாடநூலில் பெயர்கள் உண்டு. குழுவின் ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் ஒப்பிட்டது வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். பதிவு ஒவ்வொன்றையும் சீட்டோடு ஒத்துப் பார்த்தது தணிக்கை. இவற்றைத் தேர்வுக்குரிய பத்து மதிப்பெண் வினாக்களாகவே பலர் காண்கின்றனர். கடை கண்ணி இல்லாத குடும்பத்துக்கு இப்படிப்பால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர்க்கு இந்நிகழ்ச்சியையே நான் சொல்வது வழக்கம். கணக்கு திருடரைக் காட்டிக்கொடுப்பது மட்டுமன்று. திருடாதவரைக் காப்பதும் கணக்கே.

ஆனால் தொகைகள் ஒத்துவிட்டால் எல்லாம் உண்மை என்று கொள்வதும் தவறு. முறுக்கு வியாபாரத்தில் அடுப்பு வாங்கிய 4,000 ரூபாயை மாவு வாங்கியதாக எழுதிவிட்டாலும், இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்தே நிற்கும். தவறு இருக்கும், கூட்டல் காட்டாது. பெரிய அளவில் இது எத்தகைய கேடு விளைவிக்கும் என்பதை, ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் நிறுமத்தின் வரலாறு காட்டும். 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் அதன் தலைவரே, கணக்கில் காட்டிய வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் வெளியிடப்பட்ட இருப்புநிலைக் குறிப்புகள் ஒத்துத்தான் இருந்தன. வங்கி இருப்பு உண்மையா என்று வங்கியையே நேரில் கேட்டு உறுதி செய்யும் கடமையில்தான் குறை நேர்ந்தது. பின்னர் வந்த 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் தணிக்கையாளர்க்குக் கடுமையான விதிகளை வகுத்தது.

அண்மை ஊர் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1926-இல் கரூரில் தோன்றிய இலட்சுமி விலாசு வங்கி, தொடர்ந்து சில ஆண்டுகள் நட்டம் கண்டு, 2020-ஆம் ஆண்டு நவம்பரில் வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை இட்டவர்கள் பணம் காப்பாற்றப்பட்டது. பங்குகள் வைத்திருந்தோர் முதல் முழுவதும் போயிற்று. அந்நட்டங்கள் மறைக்கப்பட்டவை அல்ல. ஆண்டறிக்கைகளில் அச்சாகி வந்தவையே. அவற்றைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரிந்தவர்கள் முன்கூட்டியே விழித்துக்கொள்ள வழி இருந்தது.

இவ்வளவையும் மூன்றாண்டுகளில், ஆறு பருவங்களில் கற்பிக்கும் வகையில் பாடத்திட்டம் அமைந்துள்ளது. நிகழ்ந்ததைப் பதிவு செய்வது நிதிக் கணக்கியல். பங்கு முதல் திரட்டும் நிறுவனங்களின் கணக்கு நிறுமக் கணக்கியல். ஒரு பொருளை ஆக்க என்ன செலவாகிறது என்று ஆராய்வது அடக்கவிலைக் கணக்கியல். நம் முறுக்கு அம்மையாரின் 2,900 ரூபாய் இலாபத்தில் அவருடைய சொந்த உழைப்புக்குக் கூலி கணக்கிடப்படவில்லை. அம்மாதம் பிறரிடம் வேலைக்குச் சென்றிருந்தால் 6,000 ரூபாய் பெற்றிருப்பார் என்று கொண்டால், அத்தொழிலைத் தொடரலாமா, விலையை உயர்த்த வேண்டுமா, பிறர்க்குரிய கடனைக் குறைக்க வேண்டுமா என்னும் வினாக்கள் எழுகின்றன. அவற்றிற்கு விடை தேட உதவுவன அடக்கவிலைக் கணக்கியலும் மேலாண்மைக் கணக்கியலும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் முதலாக 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி ஈறாகச் சட்டப் பாடங்கள் உண்டு. தணிக்கையியல், வங்கியியல், புள்ளியியல், பொருளியல் ஆகியவையும் இடம் பெறுகின்றன. இவற்றைத் தனித்தனி நூல்களாகக் காணாமல், ஒரே தொழிலைப் பல பலகணிகளின் வழியே பார்ப்பதாகக் கொண்டால் படிப்பு எளிதாகும்.

இனி, கற்கும் முறை பற்றிச் சில சொல்கிறேன். முதலாவது, கணக்கியலை வாசித்துக் கற்க முடியாது. எழுதியே கற்க வேண்டும். நாள்தோறும் ஒரு கணக்கையேனும் விடையைப் பாராமல் கையால் போட்டுப் பாருங்கள். நீச்சலைக் கரையில் நின்று கற்றவர் இலர். இரண்டாவது, தமிழ்வழியில் பயின்று வந்தவர்கள் ஆங்கிலச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டா. ஒரு குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லையும், அதற்குரிய தமிழ்ச் சொல்லையும், நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றையும் அருகருகே எழுதி வாருங்கள். 'தேய்மானம்' என்றால் மாட்டு வண்டியின் சக்கரத்தை நினைவு கூரும் மாணவன், அச்சொல்லின் ஆங்கில வடிவை மட்டும் உருப்போட்டவனைவிட நன்றாக விடை எழுதுவான். ஓரிரு பருவங்களில் இரு மொழியும் கைவரும்.

மூன்றாவது, உண்மையான கணக்குகளைப் படியுங்கள். கரூர் வைசியா வங்கி, கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கி, திருச்சியில் ஆலை வைத்துள்ள பாரத மிகுமின் நிறுவனம் போன்றவற்றின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, இலாபம் எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு, தணிக்கையாளர் ஏதேனும் குறை கூறியுள்ளாரா என்று மட்டும் பாருங்கள். முதல் முறை புரியாது. மூன்றாம் முறை புரியத் தொடங்கும்.

நான்காவது, கணிப்பொறியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதனிடம் அறிவை ஒப்படைத்துவிடாதீர்கள். இன்று பேரேட்டில் எடுத்தெழுதுவதும் கூட்டுவதும் இயந்திரத்தின் வேலை. இனிக் கணக்கருக்கு வேலையே இராது என்று சிலர் அச்சுறுத்துகின்றனர். கூட்டுவதற்கு மட்டும் ஆள் வேண்டா என்பது உண்மைதான். எனினும், ஒரு செலவு இவ்வாண்டுக்குரியதா, பல்லாண்டுக்குரியதா, ஒரு கடன் திரும்பி வருமா, வராதா என்று துணிவது மனிதர் பொறுப்பு. எழுதியதை எவர் எப்போது மாற்றினார் என்ற தடம் அழியாது நிற்கும் மென்பொருளையே நிறுமங்கள் பயன்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி வந்துள்ளது. இயந்திரம் வந்த பின்னரும், விடை சொல்ல வேண்டியவர் மனிதரே என்பதற்கு அவ்விதி சான்று.

பட்டம் பெற்ற பின்னர் வழிகள் பல. பி.காம். தேர்வில் 55 விழுக்காடு பெற்றவர், பட்டயக் கணக்கர் படிப்பில் தொடக்கநிலைத் தேர்வு எழுதாமலே இடைநிலையில் சேரலாம். அடக்கவிலைக் கணக்கர், நிறுமச் செயலர் படிப்புகளும் உண்டு. வங்கித் தேர்வுகளும், அரசுப் பணித் தேர்வுகளும், ஆசிரியப் பணியும் உண்டு. பட்டயக் கணக்கர் தேர்வு கடினமானது. ஒருமுறை தவறினால் குடும்பமே சோர்ந்துவிடும். ஆகவே, அதில் இறங்குவோர் எத்தனை ஆண்டு ஆகலாம், இடையில் எவ்வாறு பொருள் ஈட்டலாம் என்பதைப் பெற்றோருடன் அமர்ந்து முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. முதல் கணக்கு அதுவாக இருக்கட்டும்.

ஆனால் வேலை கிடைப்பதோடு இக்கல்வியின் பயன் முடிந்துவிடவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற்போனவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரார், கணக்குக் கொடாமையை அவ்வளவு பெரிய குற்றமாகக் கருதினர்.

இன்று நமக்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் குடியரசு நாள், விடுதலை நாள் முதலிய நாள்களில் அது கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்படுகிறது. பெரும்பாலும் யாரேனும் ஒருவர் விரைவாக வாசிப்பார்; மற்றவர் தலையசைத்துக் கையொப்பம் இடுவர். வாசிப்பது பொய் என்று நான் கூறவில்லை. கேட்போர்க்கு அது விளங்குவதில்லை என்பதே என் கவலை. ஆகவே, மருங்காபுரியிலும் மணப்பாறையிலும் துவரங்குறிச்சியிலும் உள்ள வணிகவியல் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கிராம சபைக்குச் செல்லுங்கள். ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். வாசிக்கும் தொகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டின் இறுதி இருப்பு இவ்வாண்டின் தொடக்க இருப்பாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையாயின் எழுந்து நின்று, பணிவோடு, "ஐயா, இவ்விரண்டும் ஏன் வேறுபடுகின்றன?" என்று கேளுங்கள். விடை சரியாக இருந்தால், சரி என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு அமருங்கள்.